தைத்ததா, ஒட்டியதா?

(மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல் மாணவன்)

"ஹார்டு டிஸ்க் போயிடுச்சு" என்று ஒருத்தர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார்? "அப்போ சிஸ்டமே போச்சு, புதுசு வாங்கிடு!" அதுவும் திரைக்குப் பின்னாலேயே எல்லாவற்றையும் அடைத்து வைத்த 'ஆல் இன் ஒன்' மெஷின் என்றால் கேட்கவே வேண்டாம். கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதுகூட இல்லை. இது தவறு என்பது என் கருத்து. டிப்ளமோ படிக்கிற நாமும் அதையே திருப்பிச் சொல்வது அதைவிடத் தவறு.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க ஒரு ஷூ போதும். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நைனாவுக்கு ஷூ கம்பெனி வேலை. எந்த ஷூவைக் கொடுத்தாலும் அவர் பிராண்டைப் பார்க்க மாட்டார். கவிழ்த்துப் பிடித்து ஓரத்தைப் பார்ப்பார். "இது தெச்சதா, ஒட்டினதா?" என்பதுதான் முதல் கேள்வி. 'குட்இயர் வெல்ட்' முறையில் மேல்தோலுக்கும் சோலுக்கும் நடுவில் ஒரு பட்டையைச் சுற்றிவரத் தைக்கிறார்கள். சோல் தேய்ந்தால் அந்தப் பட்டையில் இருக்கிற தையலைப் பிரித்து வேறு சோல் போடலாம், மேல்தோலைத் தொடவே வேண்டாம். பேஸ்ட் போட்டு ஒட்டிய ஷூ சீக்கிரம் தயாராகும், விலையும் குறைவு. ஆனால் தேய்ந்த பிறகு அதைப் பிரிப்பது பெரும் பாடு.

கம்ப்யூட்டரின் சோல் எது? ஹார்டு டிஸ்க்தான். தேயப் போகிறது என்று தெரிந்தே வைக்கிற பாகம் அது. உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது. படிக்கிற 'ஹெட்' அதைத் தொடாமல் மேலே மிதக்கிறது. நடுவில் உள்ள இடைவெளி தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஆல் இன் ஒன் பெட்டியில் திரையின் சூடு, பிராசசரின் சூடு எல்லாம் அதன் தலையில்தான் விழுகிறது. அது ஒருநாள் போகும். போனால் மாற்ற முடிகிற மாதிரி செய்தார்களா என்பதுதான் கேள்வி.

எல்லாருக்கும் தெரிந்த ஆப்பிள் ஐமேக்கை எடுத்துக்கொள்வோம். 2009 கடைசியில் வந்த மாடலில் முன்கண்ணாடி காந்தத்தால் நின்றது. ரப்பர் கப் வைத்து இழுத்தால் வந்துவிடும். அடியில் எட்டு நட்சத்திர ஸ்க்ரூ, அதைக் கழற்றினால் திரை வரும், அதற்குப் பின்னால் டிஸ்க். இது தைத்த ஷூ. 2011 மாடலில் டிஸ்குக்குப் போகிற பவர் வயரையே மாற்றிவிட்டார்கள். வழக்கமான 4 பின்னுக்குப் பதில் 7 பின். டிஸ்கின் சூட்டை அளக்கிற வேலையும் அதில் சேர்ந்தது. வெளியில் வாங்கிய சாதாரண டிஸ்கைப் போட்டால் சூடு தெரியாமல் ஃபேன் முழு வேகத்தில் கத்தும். 2012 கடைசியில் வந்த மெலிந்த மாடலில் கண்ணாடியையும் திரையையும் ஒன்றாக்கி, சுற்றிலும் டேப் வைத்து ஒட்டியே விட்டார்கள். பார்க்க அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிஸ்க் மாற்ற அந்த டேப்பை அறுக்க வேண்டும், மூடும்போது புது டேப் ஒட்ட வேண்டும். மூன்றே வருஷத்தில் தைத்தது ஒட்டியதாகிவிட்டது!

இது பணக்காரர் வீட்டுப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். அம்மா ஷூ அப்பர் தைக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டில் வேறொரு கம்பெனியின் ஒன்பது வருஷத்து ஆல் இன் ஒன் இருந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களின் பீஸ் கணக்கு அதில்தான். ஒரு வியாழக்கிழமை டிஸ்க் 'டிக் டிக்' என்று அடித்து நின்றது. சனிக்கிழமை கூலி. கடையில் ரூ.40,000-க்குப் புதுசு வாங்கச் சொன்னார்கள். ஓனர் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். அடுத்த வாரம் என்றால் வாரச் சீட்டுக் கட்டுகிறவர்களுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

நானும் என் நண்பனும் போனோம். சத்தம் போடுகிற டிஸ்கைத் திரும்பத் திரும்ப ஆன் பண்ணக் கூடாது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சாகும். அதனால் அதை வெளியே எடுத்து, 'டிடி ரெஸ்க்யூ' என்ற இலவச லினக்ஸ் மென்பொருளால் நகல் எடுத்தோம். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிக்குக் கடைசியில் வருகிற புத்திசாலி அது. ராத்திரி முழுக்க ஓடியது. பழைய கணக்கெல்லாம் வந்தது, அந்த வாரக் கணக்கு மட்டும் வரவில்லை. அதை அம்மா தன் நோட்டில் எழுதி வைத்திருந்தாள், மற்ற பெண்களில் பாதிப் பேரும் அப்படியே. (நாம் பேக்கப் என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதுகிறோம்!) எஸ்எஸ்டி ஒன்று, அதை உட்கார வைக்க ஒரு தகடு, எல்லாம் சேர்ந்து ரூ.3,000-க்குள் முடிந்தது. சனிக்கிழமை கூலி கொடுத்தார்கள். இப்போது அந்த மெஷின் முன்னைவிட வேகம்.

எல்லாவற்றையும் ரிப்பேர் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மதர்போர்டும் பேனலும் சேர்ந்து போனால் விட்டுவிடலாம். பவர் சப்ளை உள்ளேயே இருக்கிற மாடலில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும், தெரியாமல் கை வைக்கக் கூடாது. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து, நல்ல மெஷின்கள்கூடக் காயலான் கடைக்குப் போகின்றன. லினக்ஸ் போட்டால் ஓடும். டிஸ்கோடு தூக்கிப் போட்டால் அதில் இருக்கிற ஆதார் நகலும் சம்பளக் கணக்கும் கூடவே போகும். போகிற குப்பை எங்கே போகிறது? தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கிய ஊர்க்காரர்கள் நாம். இன்னொரு குப்பையை நாமே சேர்க்க வேண்டுமா?

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்குக் குழு போட்டது, அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தது. நல்லதுதான். ஆனால் திறக்கத் தெரிந்த கை இல்லாவிட்டால் உரிமையை வைத்து என்ன செய்வது? ஹார்டு டிஸ்க் படத்தை அழகாக வரைகிறோம், பாகம் குறிக்கிறோம். நம் வகுப்பில் எத்தனை பேர் ஒன்றைக் கழற்றியிருக்கிறோம்?

நம் ஸ்டோர் ரூமில் கண்டம் பண்ணிய ஆல் இன் ஒன் எட்டு கிடக்கிறது. ஏலத்துக்குப் போகும் முன் மாதம் ஒரு சனிக்கிழமை அதைத் திறக்க லேபில் ஒரு டேபிளும், ஒரு டார்க்ஸ் செட்டும், கூட நிற்க ஒரு சாரும் வேண்டும் என்று பேரவை துறைத் தலைவரிடம் எழுதிக் கேட்க வேண்டும். மனுவை நான் எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போட ஆள் வாருங்கள்.