ஆணை எனும் போர்வை

‘சிப்பாய் என்ன செய்வான்? மேலிடத்து ஆணை, நிறைவேற்றினான்’ என்பார் சிலர். ‘எல்லாம் வல்லரசுகளின் சூழ்ச்சி, தெருவில் நிற்பவனைக் குறை கூறி யாது பயன்?’ என்பார் வேறு சிலர். முன்னவர் படையினருக்குப் பரிந்து பேசுவோர்; பின்னவர் படைகளையே பழித்துப் பேசுவோர். ஆயினும் இரு சாராரும் வந்து சேரும் இடம் ஒன்றே. அமைதி காக்க வந்த படையின் கையால் ஓர் உயிர் பறிபோனால், அதற்குத் தெருவில் நின்றவன் பொறுப்பல்லன் என்பதே அவ்விடம். இக்கூற்றை நாம் வன்மையாக மறுக்கின்றோம்.

அமைதிப் படைக்கான தீர்மானம் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் நிறைவேறலாம். அது வாழ்வதும் மாய்வதும் எட்டுப் பத்துப் பேர் கொண்ட ரோந்துக் குழுவின் கையில்தான் உள்ளது. சந்து முனையில் ஓடுகிறவன் திருடனா, பசித்தவனா? அவன் கையிலிருப்பது துப்பாக்கியா, ஊன்றுகோலா? சுடுவதா, பிடிப்பதா, போகவிடுவதா? இவற்றைப் பாதுகாப்புச் சபை முடிவு செய்வதில்லை. ஒரு குழுத்தலைவனும் அவன் கீழுள்ள சில இளைஞர்களுமே முடிவு செய்கின்றனர்.

இந்த உண்மையை நம் மார்க்கம் என்றோ எடுத்துரைத்துவிட்டது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தாம் உடன் செல்லாது அனுப்பிவைத்த சிறுபடைகளை ‘ஸரிய்யா’ என்பர். அத்தகைய படையினர் சிலர் வழியில் சிறு ஆட்டு மந்தையுடன் ஒரு மனிதரைக் கண்டனர். அவர் ஸலாம் உரைத்தார். அவர்களோ அவரைக் கொன்று மந்தையைக் கவர்ந்தனர். இந்நிகழ்ச்சியை ஒட்டி அருளப்பட்டதே அந்நிஸா அத்தியாயத்தின் 94-ஆம் வசனம் என இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கின்றார்கள். அதிலுள்ள கட்டளைச் சொல்லைப் பெரும்பாலோர் ‘ஃபதபய்யனூ’ என ஓதுவர். தெளிவு பெறுங்கள் என்பது பொருள். ஹம்ஸா, கிஸாயீ ஆகிய இமாம்கள் ‘ஃபதஸப்பதூ’ என ஓதுவர். பதறாது நிதானியுங்கள் என்பது பொருள். தெளிவு, நிதானம் ஆகிய இவ்விரண்டுமே ஆயுதம் ஏந்தி ஊருக்குள் நுழைபவனின் கடமைகள். அக்கட்டளை படைத்தலைவருக்கு மட்டும் விதிக்கப்படவில்லை. புறப்பட்டுச் சென்ற அனைவரையும் பன்மையில் விளித்தே இறங்கியது என்பதை இலக்கணம் கற்றோர் அறிவர்.

இனி, இவ்விரண்டும் கைவிடப்பட்ட ஓர் ஊரைக் காண்போம். சோமாலியாவில் ஷெபெல்லே ஆற்றங்கரையில் அமைந்த நகரம் பெலட்வெய்ன். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வாட்டிய அந்நாட்டுக்கு, 1992 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் ஒப்புதலுடன் பன்னாட்டுப் படைகள் சென்றன. பெலட்வெய்ன் கனடா நாட்டு வான்குடைப் படையின் பொறுப்பில் விடப்பட்டது. அப்படையினர் பள்ளிக்கூடங்கள் மீண்டும் நடைபெற உதவினர். உணவு செல்லும் வழிகளைக் காத்தனர். அதை மறைப்பது நீதியன்று. ஆனால் முகாமில் இரவுத் திருட்டுகள் தொடரவே, படையினரின் பொறுமை தேய்ந்தது.

1993 மார்ச் 4 அன்று ஒரு குழுவினர் உணவையும் குடிநீரையும் வெளியிலிருப்போர் கண்ணில் படும்படி வைத்துக் காத்திருந்தனர். இரவில் வந்த சோமாலியர் இருவர் தப்பி ஓடுகையில் சுடப்பட்டனர். ஒருவர் மாண்டார், மற்றவர் காயமுற்றார். மார்ச் 16 அன்று ஷிடானே அரோனே எனும் 16 வயதுச் சிறுவன் முகாமருகே பிடிபட்டான். பதுங்குகுழி ஒன்றில் கட்டிவைத்து மணிக்கணக்கில் அவனை வதைத்தனர். வதைத்தவர்கள் அவனருகே நின்று புகைப்படமும் எடுத்துக்கொண்டனர். அவனது ஓலத்தைக் கேட்டவர் பலர். எட்டிப் பார்த்துச் சென்றவரும் உண்டு. தடுத்தவர் எவருமில்லை. அவ்விரவே அச்சிறுவன் உயிர்நீத்தான்.

‘நொடிப் பொழுதில் முடிவெடுக்கும் சிப்பாயின் இக்கட்டு, நாற்காலியில் அமர்ந்து எழுதுவோர்க்கு விளங்காது’ என்று நம்மை இடித்துரைப்போர் உளர். அவர்களை நாம் கேட்கின்றோம்: பசித்த ஊரில் சோற்றையும் நீரையும் தூண்டிலாக வைத்தது எந்த நொடியில்? கட்டுண்ட சிறுவனை மணிக்கணக்கில் அடித்தது எந்த நொடியில்? விசையை அழுத்தும் கணத்துக்கு வெகு முன்னரே முடிவு எடுக்கப்பட்டுவிடுகின்றது. திட்டம் தீட்டிய வேளையில் ஒருவன் ‘இது தகாது’ என்றிருந்தால், ஓலம் கேட்ட ஒருவன் உள்ளே சென்று கையைப் பிடித்திருந்தால் போதும்.

மேலிடத்தை நாம் விடுவிக்கவில்லை. பிடிபடுவோரைத் துன்புறுத்தலாம் எனப் பொருள்படும் ஆணையை இட்டவர் ஒரு மேஜர். அவரும் இராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். 1995-இல் அப்படைப்பிரிவே கலைக்கப்பட்டது. 1997-இல் அறிக்கை அளித்த விசாரணை ஆணையம், தலைமையின் தவறுகளையும் எப்போது சுடலாம் எனும் விதிகளில் போதிய பயிற்சி இன்றி வீரர்கள் அனுப்பப்பட்டதையும் சுட்டிக்காட்டியது. ஆணையிட்டவன் குற்றம் ஆணையிட்டவனுக்கு. அடித்தவன் குற்றம் அடித்தவனுக்கு. ஒன்று மற்றொன்றைக் கழுவாது.

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். கனடா வீரரின் கொடுமையை மேடைதோறும் முழங்குவோர், அதே ஆண்டு ஜூன் 13-ஐ நினைப்பதில்லை. அதற்கு முந்திய வாரம் மொகதிஷுவில் பாகிஸ்தான் அமைதிப் படையினர் 24 பேர் கொல்லப்பட்டிருந்தனர். துயரும் சினமும் இயல்பே. ஆயினும் ஜூன் 13 அன்று ஊர்வலமாக வந்த கூட்டத்தின் மீது பாகிஸ்தான் வீரர்கள் சுட்டதில் பொதுமக்கள் பலர் மடிந்தனர். சுட்டவர் கலிமாச் சொன்னவர் என்பதால் தராசின் முள் சாயலாமோ? வங்காள தேசம், பாகிஸ்தான், இந்தோனேசியா ஆகியவை ஐ.நா. படைகளுக்கு மிகுதியாக வீரர்களை அனுப்பிவரும் நாடுகள். எனவே இது பிறர் வீட்டு வழக்கன்று. நம் வீட்டு வழக்குமாகும்.

‘ஆணையை மீறிச் சிறியவனால் என்ன இயலும்?’ என்போர்க்கு விடை ருவாண்டாவில் இருக்கின்றது. செனகல் நாட்டு முஸ்லிமான கேப்டன் ம்பாயே தியாங்னே, 1994-இல் கிகாலி நகரில் ஆயுதமற்ற ஐ.நா. பார்வையாளர். படுகொலையில் குறுக்கிடுவது பார்வையாளர் பணியன்று என்பதே அன்றைய ஆணை. பிரதமர் அகத்தே உவிலிங்கியிமானா கொல்லப்பட்டதும், அவருடைய மக்களைத் தம் வண்டியில் மறைத்துக் கொண்டுபோய்க் காத்தார். பின்னர் கொலைஞர் காவல் நின்ற சாவடிகளைச் சிரித்துப் பேசியே கடந்து, சிலர் சிலராக நூற்றுக்கணக்கானோரை மீட்டார் என்பர். மே 31 அன்று சாவடி ஒன்றில் எறிகுண்டு வெடித்து இறந்தார். 2014-இல் பாதுகாப்புச் சபை அவர் பெயரால் வீரப் பதக்கம் நிறுவியது. ஆணையை மட்டும் காத்தவர் எவர் பெயராலும் பதக்கம் எழவில்லை!

கீழ்ப்படிதலின் எல்லையை நபிமொழியும் வரையறுத்துள்ளது. சிறுபடை ஒன்றின் தலைவர் சினமுற்று, நெருப்பை மூட்டி அதில் இறங்குமாறு தம் வீரர்களுக்கு ஆணையிட்டார். நெருப்பிலிருந்து தப்பவே நபியிடம் வந்தோம் என்று கூறி அவர்கள் தயங்கினர். செய்தி எட்டியபோது அண்ணலார், நல்லவற்றில் மட்டுமே கீழ்ப்படிதல் உண்டு எனத் தீர்ப்பளித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான செய்தி இது. தன்னை எரிக்கச் சொன்ன ஆணைக்கே பணியலாகாது எனில், ஊரான் வீட்டுப் பிள்ளையை வதைக்கச் சொல்லும் ஆணைக்குப் பணிவது எங்ஙனம் தகும்?

ஆகவே நாம் கோருவன மூன்று. ஊருக்குள் அனுப்பப்படும் ஒவ்வொரு வீரனுக்கும் சுடும் விதி அவனது தாய்மொழியில் கற்பிக்கப்படல் வேண்டும். தகாத ஆணையை மறுப்பவனுக்குச் சட்டம் கேடயமாதல் வேண்டும். கண்டும் வாளாவிருந்தவனும் விசாரிக்கப்படல் வேண்டும்.

நம் குடும்பங்களிடம் கோருவதோ ஒன்றே. ‘பாவம், ஆணை’ என்னும் சொல்லை நம் பிள்ளைகள் செவியில் விழவிடாதீர். மறுமையில் ஒவ்வொருவர் ஏடும் அவரவர் கையிலேயே தரப்படும். மேலதிகாரியின் கையில் அன்று.