களத்துத் தூசியும் குடியானவர் நுரையீரலும்

போரடிக்கும் களத்தில் எழும் தூசியைக் குடியானவர்கள் பொருட்படுத்துவதில்லை. இரண்டு தும்மலோடும் சிறிது இருமலோடும் அது தீர்ந்ததென்று எண்ணுகின்றனர். கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பொறுத்தமட்டில் இவ்வெண்ணம் பெரும்பாலும் சரியே. பெருந்தீங்கு விளைப்பது கண்ணுக்குத் தெரியாத தூசியாகும்.

மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களிற் பெரும்பாலானவை, மூக்கிலும் தொண்டையிலும் காற்று வளையுமிடத்தில் உடன் வளையமாட்டாமல் மோதி, கோழையில் ஒட்டிக்கொள்ளும். அவற்றிற் சிறியவை மூச்சுக்குழாய்க் கிளைகளில் தங்கும்; அங்குள்ள நுண்மயிர்கள் அவற்றைக் கோழையுடன் மேலே தள்ளிவிடும். 1 முதல் 5 மைக்ரான் வரையுள்ளவற்றில் ஒரு பகுதியோ, ஓட்டம் தணிந்த கடைமடையில் வண்டல் படிவதுபோல, நுரையீரலின் கடைசிக் காற்றறைகளில் படியும். அவ்வறைகளில் நுண்மயிர் கிடையாது. படிந்தவை நீங்க நெடுநாள் செல்லும்.

ஈரம் போகாமற் போரிட்ட வைக்கோல் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். அச்சூட்டில் வளரும் சில நுண்ணுயிர்களின் வித்துக்கள் ஏறக்குறைய 1 மைக்ரான் அளவினவே. பூசணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட பண்ணையாட்களுக்கு நேர்ந்த நுரையீரல் வியாதியை, இங்கிலாந்தில் காம்பெல் என்னும் வைத்தியர் 1932ஆம் வருஷத்தில் விவரித்தார். அத்தூசியைச் சுவாசித்து 4 முதல் 8 மணி நேரம் சென்றபின் குளிரும் சுரமும், வறட்டிருமலும் மூச்சுத்திணறலும் காணும். சாதாரணச் சுரமென்றெண்ணி மீண்டும் மீண்டும் அதே வேலைக்குச் செல்வோருக்கு நுரையீரல் தழும்பேறி, இழந்த மூச்சு திரும்பாமலே போதலும் உண்டு.

முகத்திற் கட்டும் துண்டு போதாதோ என்பர். மூக்கே தடுக்கும் பெருந்தூசியைத் தடுக்கத் துண்டு உதவும். நுண்தூசி அதன் இழைகளினூடே நுழைந்துவிடும். ஆகையால் பரிகாரம் வைக்கோலிலிருந்தே தொடங்கவேண்டும். நன்கு காய்ந்த பின்னரே போரிடுக. பூசணம் பிடித்ததைத் திறந்த வெளியில் நீர் தெளித்துப் பிரிக்குக. பிரிப்பவர் காற்று வரும் பக்கத்தில் நின்று, முகத்தோடு பொருந்திய என்95 முகமூடி அணிக. இருமலும் சுரமும் கண்டால், செய்த வேலை இன்னதென்று வைத்தியரிடம் தவறாது சொல்லுக.

இரண்டு நாள் கூடுதலாகக் காயவைப்பதில் கூலி வீணாகுமென்பது பொருந்தாது. பூசண வைக்கோலை மாடும் விரும்பித் தின்பதில்லை. அன்றியும், போரிடும் நாளைக் குறிப்பவர் நிலத்துக்குடையவர். அதைப் பிரித்துச் சுவாசிப்பவர் கூலியாள். முகமூடியின் விலையைக் களத்துச் செலவிற் சேர்ப்பதே நியாயமாகும்.