தீர்த்தம் பட்டால் கூசும் பல்

மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லி. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் நெய்யையும் பாலையும் விலக்கி நோன்பைத் தொடங்கும் ஆய்ச்சியர், இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் ததும்பும் பாற்சோறு உண்டு களிக்கின்றனர். அதனை நினைந்தே வைணவத் தலங்களிலும் இல்லங்களிலும் அன்று அக்காரவடிசில் நிவேதனமாகிறது. ஆண்டாள் அவதரித்த திருவில்லிபுத்தூரில் அந்நாளின் ஏற்றத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வன்னியம்பட்டி முதலிய சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து வரும் முதியோர், பனியையும் பொருட்படுத்தாமல் சன்னதியில் காத்திருப்பர்.

அவர்களுள் ஒருவர், சில வாரங்களுக்கு முன் மார்பெலும்பைப் பிளந்து இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்று எண்ணிக்கொள்ளலாம். குளிர்ந்த தீர்த்தம் முன்பற்களில் பட்டவுடன் சுரீரென்று ஒரு வலி. அக்காரவடிசிலின் இனிப்பும் அதே இடத்தில் தைக்கிறது. அவ்வளவு பெரிய கண்டத்தைத் தாண்டி வந்தபின் பல் கூச்சத்தையெல்லாம் ஒரு நோயாகச் சொல்வதா என்று அவர் வாய் திறவாதிருப்பார். அல்லது கடையில் கேட்டு ஒரு வலி மாத்திரையை வாங்கி விழுங்குவார். மற்றவர்களுக்கு இவற்றால் பெரிய தீங்கு நேராமல் போகலாம். இதய அறுவை கண்டவருக்கு இரண்டுமே ஆகாதவை.

பல்லின் மேலே வெண்ணிறமாகத் தெரியும் எனாமல், உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் அடியிலுள்ள தந்தினியில் கண்ணுக்குப் புலப்படாத நுண்குழல்கள் நிறைந்துள்ளன. வயது ஏற ஏற எனாமல் தேயும், ஈறும் கீழிறங்கும். குழல்களின் வாய் திறந்துகொள்ளும். குளிர்ச்சியோ புளிப்போ இனிப்போ படும்போது குழலுக்குள்ளிருக்கும் நீர்மம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. கூச்சம் என்பது இதுவே. இதய அறுவைக்குப் பின் இது மிகுவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. மார்பெலும்பு கூடுவதற்குச் சுமார் ஆறிலிருந்து எட்டு வாரங்கள் ஆகும். அதுவரை கையை வீசிப் பல் துலக்கவே பலர் அஞ்சுவர். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள் வாயை உலர்த்தும். சிலருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவும் விதிக்கப்படும். உமிழ்நீர் குறைந்த வாயில் பற்களுக்குக் காவல் இல்லை.

ஆசாரமுள்ள குடும்பங்களில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அமாவாசை, ஏகாதசி, சிராத்த தினம் முதலிய நாள்களில் பல் துலக்கலாகாது என்று எண்ணி வாயைத் தொடாமலே விட்டுவிடும் பெரியோர் இன்றும் உளர். ஸ்மிருதிகள் அந்நாள்களில் விலக்கியது பற்குச்சியைத்தான், வாய்ச்சுத்தியை அன்று. குச்சிக்கு ஈடாகப் பன்னிரண்டு முறை வாய் கொப்பளிக்க வேண்டும் என்றும் அவையே விதித்துள்ளன. இதனை எடுத்துச் சொல்லாமல் விலக்கை மட்டும் சொல்லிவந்தது பின்வந்தோரின் குறையே. தண்ணீர், பால், கனி, கிழங்கு முதலியவற்றோடு மருந்தையும் சேர்த்து எட்டுப் பொருள்கள் விரதத்தைக் குலைப்பதில்லை என்ற வாக்கும் சாஸ்திரத்தில் உண்டு. ஆகவே ஏகாதசியன்று இதய மாத்திரையை நிறுத்துவதற்குச் சாஸ்திரத்தைத் துணைக்கழைக்க இயலாது.

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் காலங்காலமாகப் பல்லுக்கு நல்லவையாகப் போற்றப்பட்டவையே. ஆயினும் ஈறு இறங்கித் தேய்ந்த பல்லில் கடினமான குச்சி மேலும் அரிக்கும். இரத்தம் உறையாமைக்கு மருந்துண்பவருக்கு ஈறு கிழிந்தால் கசிவு எளிதில் நிற்பதில்லை. உப்பு, கரித்தூள், செங்கல் தூள் ஆகியவற்றின் கதியும் அதுவே. மிக மென்மையான பிரஷ்ஷும், கூச்சத்துக்கென்றே விற்கும் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையும் போதுமானவை. பசையைத் தேய்த்தவுடன் ஏராளமாக நீர்விட்டு அலசாமல், துப்பிவிட்டு அப்படியே விடுவது நன்று. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். மூன்று நாளில் கைவிடுவோர்தாம் மிகுதி. புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ உண்டபின் உடனே தேய்க்காமல், வாய் கொப்பளித்து அரைமணி நேரம் பொறுத்துத் தேய்க்க வேண்டும். தீர்த்தத்தைப் பற்களில் படவிடாமல் நாவின்மேல் ஏற்றுக்கொண்டால் பக்திக்கும் குறைவில்லை, பல்லுக்கும் நோவில்லை. பால்கோவாவைப் பொறுத்தவரை, அது பிறந்த ஊரிலேயே இருந்துகொண்டு விலக்கு என்றால் எவரும் கேளார். சிறிது உண்டு உடனே வாயைக் கொப்பளிப்பது நடைமுறைக்கு ஒத்தது; நீரிழிவும் உள்ளவர் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நொடிப்பொழுதில் மறையும் கூச்சத்துக்கே இவை பொருந்தும். சூடு பட்டதும் நெடுநேரம் வலித்தால், இரவில் தானாகவே குத்தினால், ஈறு வீங்கினால், அது கூச்சமன்று. பல்லின் உட்கூழில் நோய் புகுந்துவிட்டது. இங்கேதான் இதயம் குறுக்கிடுகிறது.

செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்களுக்கு இது மிக முக்கியம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் வலியத்தானின் முயற்சியால் உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வின் விலையைக் கேட்டே மலைத்து நின்ற எளிய குடும்பங்களுக்கு அது பெரும் வரமாக அமைந்தது. எந்த வால்வாயினும், வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகள் இரத்தத்தில் கலந்து அதன்மேல் குடியேறினால் இதயத்தின் உட்சவ்வில் அழற்சி உண்டாகும். மாதக்கணக்கில் பாடுபட்டு மீட்ட உயிரை அது மீண்டும் தராசில் நிறுத்திவிடும். பல் பிடுங்கும்போதும் ஈற்றைக் கீறும்போதும் கிருமி இரத்தத்தில் சேரும். அழுகிய ஈறு உள்ளவருக்கு மெல்லும்போதும் துலக்கும்போதுமே சேரும். அதனால்தான் வால்வு அறுவைக்கு முன்பே பற்களைச் சோதித்துச் சீர்செய்யச் சொல்கின்றனர்.

அமெரிக்க இதயக் கழகம் 2007இல் திருத்திய நெறிப்படி, செயற்கை வால்வு உள்ளவர், இந்த அழற்சி முன்பே வந்தவர், பிறவி இதயக் குறைகளில் சிலவற்றை உடையவர் போன்றோருக்கே பல் சிகிச்சைக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக ஒரு வேளை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவை. பைபாஸ் செய்துகொண்டவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் பொதுவாக இது வேண்டியதில்லை. எவர் எந்த வகை என்பதை இதய மருத்துவரே எழுதித் தர வேண்டும். பென்சிலின் ஒவ்வாதவர் அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பல் எடுக்க வேண்டுமென்றவுடன் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின், அசிட்ரோம் முதலிய மருந்துகளைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உளர். நிறுத்தியதால் வால்விலோ ஸ்டென்ட்டிலோ இரத்தம் உறைந்தால் விளையும் கேடு, பல் குழியில் கசியும் இரத்தத்தைவிட மிகப் பெரிது. கசிவைப் பஞ்சு வைத்தும் தையலிட்டும் நிறுத்தலாம். வார்ஃபரினோ அசிட்ரோமோ உண்பவர் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து அந்தச் சீட்டுடன் பல் மருத்துவரிடம் செல்வது முறை. பல்வலிக்கு எளிதாகக் கிடைக்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் ஆகியவை இதயத்துக்கும் ஆகா, இரத்தக் கசிவையும் கூட்டும். பல்வலிக்கு அடிக்கடி எழுதப்படும் மெட்ரோனிடசோலும் வார்ஃபரினின் வீரியத்தை ஏற்றிவிடும். பாராசிட்டமாலைக்கூட மருத்துவர் சொன்ன அளவுக்குள் வைத்துக்கொள்வதே நன்று. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டுப் பல்லில் மட்டும் வைக்கலாம். ஊற்றினால் ஈறு புண்ணாகும். ஆஸ்பிரினைப் பொடித்துப் பல்லில் அப்பும் பழக்கமும் ஈற்றைச் சுட்டுவிடும்.

இன்னொரு வலியையும் பிரித்தறிய வேண்டும். கோயில் படியேறும்போது கீழ்த்தாடை வலித்து, நின்றால் தணிந்தால், அது பல்லின் குற்றமாக இராமல் இதயத்தின் அழைப்பாக இருக்கக்கூடும். மார்பு இறுக்கமோ வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் பல் மருத்துவமனையைத் தேடிக் காலம் போக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

அவசரமில்லாத பல் வேலைகளை அறுவைக்குப் பின் முதல் சில மாதங்களுக்குத் தள்ளிவைப்பது வழக்கம். எவ்வளவு காலம் என்பதை இதய மருத்துவர் சொல்வார். சீழ் கட்டியிருந்தாலோ ஒரு நாளும் தள்ளக்கூடாது. அப்படிச் செல்லும்போது அறுவைச் சுருக்கம், மாத்திரைச் சீட்டு, வால்வு பொருத்தியவரானால் மருத்துவமனை தந்த வால்வு அட்டை ஆகிய மூன்றையும் ஓர் உறையிலிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். நாற்காலியில் சாய்வதற்கு முன்பே அந்த உறையைப் பல் மருத்துவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.