சிற்றூரில் பெல்லி டான்ஸுக்குக் கூலி

ஐம்பதாயிரம் பேர் வாழும் ஓர் அமெரிக்க ஊரில் பெல்லி டான்ஸ் ஆடிப் பணம் வாங்கக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்தால் ஒரு லெபனான் உணவகம், ஆண்டுக்கு ஒருமுறை கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தின் உணவுத் திருவிழா, கோடையில் கவுன்டி சந்தை, எப்போதாவது ஒரு பிறந்தநாள் விருந்து அல்லது கல்யாணம். அதே ஊரில் வாரம் ஒரு வகுப்பு நடந்தால் போதும், இரண்டே ஆண்டில் மேடையேறக் காத்திருப்பவர்கள் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். அவர்களில் எட்டுப் பேருக்குப் பகலில் வேறு உத்தியோகம் இருக்கும். ஆட்டம் அவர்களுக்குச் சந்தோஷம், சோறு வேறு இடத்திலிருந்து வருகிறது. இடம் குறைவு என்பதைவிட, இனாமாக ஆட ஆள் தாராளமாகக் கிடைப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய சிக்கல்.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததல்ல. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் மிட்வே பிளைசான்ஸ் பகுதியில் ‘கெய்ரோ வீதி’ என்று ஒரு காட்சி போட்டார்கள். அமெரிக்கக் கூட்டம் இந்த ஆட்டத்தைப் பெரிய அளவில் காசு கொடுத்துப் பார்த்தது அங்கேதான். கெய்ரோவில் பதியா மசாப்னி 1926-இல் தொடங்கிய அரங்கும், அங்கே வளர்ந்த தஹியா காரியோக்கா, சாமியா கமால் போன்றவர்களும் அரபியில் ரக்ஸ் ஷர்கி எனப்படும் இந்த ஆட்டத்தை மேடைக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1950களிலும் 60களிலும் நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் கிரேக்க, அரபு, துருக்கி கிளப்புகள் வரிசையாக இருந்தன. ஊத், கானூன், தும்பெக் வாசிக்கும் குழுவோடு இரவு முழுக்க ஆட்டம் நடந்தது. சான் பிரான்சிஸ்கோவின் பிராட்வே வீதியிலும் இதே கதை. அன்று ஆடியவர்களுக்கு அது வாராவாரம் சம்பளம் வரும் இரவு வேலை.

1968-இல் ஜமீலா சலிம்பூர் தன் மாணவிகளைக் கொண்டு ‘பல் அனாத்’ குழுவை வட கலிபோர்னியாவின் ரெனசான்ஸ் சந்தையில் இறக்கினார். 70களில் வகுப்புகள் அலையாகப் பரவி, கிளப் என்ற ஒன்றையே பார்த்திராத சிற்றூர்களையும் எட்டின. அதே காலத்தில் கேசட் வந்து வாத்தியக்காரர்களின் இடத்தைப் பிடித்தது. கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடின. கற்றவர் எண்ணிக்கை ஏற, ஆடும் இடம் இறங்க, இரண்டும் ஒன்றையொன்று கடந்து போன புள்ளியில்தான் இன்றைய கூலி நின்றுவிட்டது.

உணவகத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு முதல் ஆட்டம். உடை மாற்றக் கொடுத்த இடம் அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில். மேசைகளுக்கு இடையே மூன்றடி வழி. சமையலறைக் கதவு திறக்கும்போதெல்லாம் சூடான தட்டோடு ஒரு பரிமாறுபவர் வெளியே வருவார். அனுபவம் உள்ளவர் இசையைத் தொடங்கும் முன் பரிமாறுபவர்களிடம் இரண்டு நிமிடம் பேசிவிடுவார்: எந்தப் பாட்டுக்கு முக்காடு சுழலும், எந்தப் பக்கம் திரும்புவது, எப்போது குறுக்கே வரக்கூடாது. முக்காட்டோடு நுழைவு, விரல் தாளத்தோடு ஒரு துள்ளல், நடுவில் மெதுவான ஒன்று, முரசு மட்டும் ஒலிக்கும் முடிவு, விருந்தினரை எழுப்பி ஆடவைக்கும் ஐந்து நிமிடம்: மொத்தம் இருபது நிமிடம். ஒன்பது மணிக்கு இன்னொரு முறை. இடைவேளையில் மேலங்கி போட்டுக்கொள்ளாமல் ஆட்ட உடையிலேயே சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே உலாவுவதை இந்தத் தொழிலில் யாரும் மதிப்பதில்லை. சிற்றூரில் அது மறுநாளே பேச்சாகிவிடும்.

இதற்கு 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உணவகம் 40 மைல் தள்ளி இருந்தால் போகவர 80 மைல். 2025-க்கு அமெரிக்க வருமான வரித்துறை வைத்த வாகனச் செலவு வீதம் மைலுக்கு 70 சென்ட். பெட்ரோல், தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாம் அதில் அடக்கம். ஆக 56 டாலர் சாலையிலேயே போய்விடும். மீதி 44. ஒப்பனை தொடங்கியதிலிருந்து வீடு திரும்பும்வரை ஐந்து மணி நேரம் என்றால் மணிக்கு 8 டாலர் 80 சென்ட். கூட்டரசு விதித்த குறைந்தபட்சக் கூலி 7.25. பல நூறு டாலர் விலையுள்ள எகிப்திய உடையையும் கற்றுக்கொள்ளக் கொடுத்த கட்டணத்தையும் இன்னும் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. டிப்ஸ் வந்தால் நிலைமை கொஞ்சம் தேறும். ஆனால் அது யாருக்கு, மேலே தூவுவதா, இடுப்புப் பட்டையில் செருகுவதா, பரிமாறுபவர்களுக்குப் பங்கு உண்டா என்பதை முன்கூட்டியே பேசவில்லை என்றால் இரவு முடிவில் மனக்கசப்புதான் மிஞ்சும்.

உணவக முதலாளியின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது; ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அதைப் பார்ப்பதே இல்லை. சனிக்கிழமை ஏழு மணிக்கு வாசலில் வரிசை நிற்கும் கடைக்கு ஆட்டம் தேவையில்லை. சொல்லப்போனால் நஷ்டம்கூட: ஆட்டம் பார்க்க உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார், அடுத்தவருக்கு மேசை கிடைக்காது. பாதி மேசை காலியாக இருக்கும் வியாழக்கிழமையில் நிலைமை தலைகீழ். அங்கே வந்தவர் எழாமல் இன்னொரு பானமும் பக்லாவாவும் சொல்வதுதான் முதலாளி வாங்கும் சரக்கு. எனவே மந்தமான நாளைத் தேர்ந்து, ஆறு வாரத்துக்கு என்று பேசி, ஆட்டம் கேட்டு மேசை பதிந்தவர்களை எண்ணிக் காட்டும் கலைஞரால் கூலியை உயர்த்திக் கேட்க முடியும். ‘என் திறமைக்கு இது போதாது’ என்ற வாதம் கல்லாப்பெட்டிக்கு முன் எடுபடாது.

எல்லா வாதத்தையும் ஒரே வரியில் முறிக்கும் பதில் ஒன்று முதலாளியிடம் உண்டு: “ஒரு பெண் சாப்பாடு போட்டால் போதும் என்கிறாரே.” அந்தப் பெண் வெளியூரிலிருந்து வந்தவர் அல்ல. பெரும்பாலும், நூறு டாலர் கேட்டு நிற்கும் அதே ஆசிரியையின் வகுப்பில் இரண்டு ஆண்டு படித்தவர். இரவலாக ஒரு உடை, மேடை ஏற ஆசை, படம் எடுத்துப் போட ஒரு வாய்ப்பு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முக்காடு பிடிப்பதிலிருந்து இடுப்பை அதிரவைப்பது வரை எல்லாம் கற்றுக்கொடுத்த வகுப்பு, விலை சொல்ல மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. மாணவிகளைத் திரட்டிக்கொண்டு போய் சந்தையிலும் திறப்புவிழாவிலும் இலவசமாக ஆடவைத்ததும் பல இடங்களில் அதே ஆசிரியைதான். அமெரிக்கச் சிற்றூர்களின் இந்தியச் சங்கத் தீபாவளி விழாக்களில் பரதநாட்டியம் ஆடுபவருக்குப் பொன்னாடையும் பாக்கு மட்டைத் தட்டில் சாப்பாடும் மட்டும் கிடைப்பதன் காரணத்தைத் தேடுபவர்களும் இதே இடத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

இலவச ஆட்டம் எல்லாமே தவறு என்று சொல்வதற்கில்லை. யாரும் லாபம் பார்க்காத நிதி திரட்டும் விழாவில், மாணவிகள் தங்களுக்குள் கூடும் ஹஃப்லாவில் இனாமாக ஆடினால் யார் பிழைப்பும் கெடாது. சாப்பாட்டை விற்கும் கடையில், ஆட்டத்தைக் காட்டி மேசையை நிரப்பும் இடத்தில், இனாமாக ஆடுவதுதான் சிக்கல். எல்லைக்கோடு ஆடுபவரின் தரத்தில் இல்லை; அந்த ஆட்டத்தால் யார் காசு பார்க்கிறார் என்பதில் இருக்கிறது.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் மனதில் எழும் தீர்வு ஒன்று உண்டு: ஊரிலுள்ள எல்லோரும் கூடி, இதற்குக் கீழே ஆடுவதில்லை என்று ஒரு விலையை முடிவு செய்துவிடலாமே. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் இதை அப்படிப் பார்ப்பதில்லை. சம்பளப் பட்டியலில் உள்ள ஊழியர்கள் சங்கமாகக் கூடிக் கூலி பேசலாம். தனித்தனியாகத் தொழில் செய்பவர்கள் கூடி விலை வைத்தால் அது போட்டியை ஒடுக்கும் உடன்பாடாகக் கருதப்படும். 2017-இல் கூட்டரசு வணிக ஆணையம் அமெரிக்க ஆர்கன் இசைக் கலைஞர்களின் கில்டு மீது இதே காரணத்துக்காக நடவடிக்கை எடுத்தது. தேவாலயத்துக்கு என்று ஓர் ஆர்கன் கலைஞர் இருக்க, கல்யாணத்துக்கு வெளியார் வந்து வாசித்தால் உள்ளவருக்கும் பணம் தர வேண்டும் என்பது கில்டின் நெறிமுறைகளில் ஒன்று. கிளைகள் பயன்படுத்தக் கட்டண அட்டவணைகளையும் கில்டு வெளியிட்டு வந்தது. இரண்டையும் கைவிட ஒப்புக்கொண்டு கில்டு வழக்கை முடித்துக்கொண்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இசை ஆசிரியர்களின் தேசியச் சங்கமும், பிறர் மாணவரை இழுக்கக் கூடாது என்ற விதிக்காக இதே ஆணையத்திடம் மாட்டியது. ‘இன்னொருவர் ஆடும் உணவகத்தில் போய் வாய்ப்புக் கேட்கக் கூடாது’ என்பது பெல்லி டான்ஸ் உலகில் மிகப் புழக்கமான மரியாதை. ஒருவர் தானாகக் கடைப்பிடித்தால் அது நல்ல குணம். சங்கம் விதியாக எழுதினால் வம்பு.

சட்டம் தடுக்காத வழி வகுப்பறையில் இருக்கிறது. மைல் கணக்கு, உடைக் கணக்கு, ஐந்து மணி நேரக் கணக்கு ஆகியவற்றைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். எவ்வளவு கேட்பது என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்துகொள்ளட்டும். கூட்டிக் கழித்துப் பார்த்த மாணவி இனாமாக ஆட ஒப்புக்கொள்ளும் முன் ஒருமுறையாவது யோசிப்பார்.

உணவகத்துக்கு வெளியே வேலை சிதறிக் கிடக்கிறது. பிறந்தநாளுக்குத் திடீரென்று போய் ஆடும் ‘பெல்லிகிராம்’ பத்துப் பதினைந்து நிமிட வேலைதான் என்றாலும், தெரியாத வீட்டுக்குப் போவதால் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் நேரத்துக்கும் விலை சேர்க்க வேண்டும், முன்பணம் இல்லாமல் கிளம்பக் கூடாது. அரபுக் குடும்பங்கள் உள்ள ஊர் என்றால் கல்யாண வேலை குவியும் என்று நினைப்பது பாதி தவறு. எகிப்தியக் குடும்பங்களில் மணமக்களை அழைத்து வரும் ‘ஸஃப்பா’ ஊர்வலத்தில் தலையில் மெழுகுவர்த்திக் கொத்து ஏந்திய ஆட்டக்காரர் முன்னே போவது பழைய வழக்கம். மார்க்கப் பற்று மிகுந்த வேறு குடும்பத்தில் அதே அழைப்பு அவமதிப்பாகிவிடும். லெபனான் தேவாலயத் திருவிழாவில் கைகோத்து ஆடும் தப்கேதான் கேட்பார்கள், தனி ஆட்டம் அல்ல. யார் வீட்டில் என்ன செல்லும் என்று தெரிந்து வைத்திருப்பதே இங்கே தனித் தகுதி.

பலர் கவனிக்காத சந்தை வாரநாள் பகல்பொழுது. முதியோர் இல்லங்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு நிகழ்ச்சி வைப்பார்கள். நூலகங்கள் கோடை வாசிப்பு நாள்களில் கலைஞர்களை அழைக்கும். தொகை சிறியது, ஆனால் பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகை, பேரம் குறைவு. அதைவிட முக்கியமானது, இனாமாக ஆடத் தயாராக இருப்பவர்கள் செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு அலுவலகத்தில் இருப்பார்கள். வயிறு மூடிய உடை, வாத்தியங்களைக் காட்டி ஐந்து நிமிடப் பேச்சு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளை அசைக்கக் கற்றுத்தருவது: இந்த மூன்றும் கைவசம் இருப்பவரை மறுபடி கூப்பிடுகிறார்கள். இதற்கு மேலே மாநிலக் கலை அமைப்புகள் இருக்கின்றன. 1965-இல் தோன்றிய தேசியக் கலை நிதியம் தன் மானியப் பணத்தில் 40 சதவீதத்தை மாநில, வட்டார அமைப்புகளுக்குப் பிரித்துத் தருகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு சிற்றூர் நிகழ்ச்சிகளுக்கும் வந்து சேர்கிறது. விண்ணப்பம் எழுதும் பொறுமை இருப்பவருக்கு மட்டும்.

கடைசியாகக் காகித வேலை. உணவகத்தில் பாட்டு ஒலிக்க ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற உரிமை அமைப்புகளிடம் உரிமம் வேண்டும். வழக்கமாக அதை எடுப்பது கடைக்காரர். 1998-ஆம் ஆண்டுச் சட்டம் 3,750 சதுர அடிக்குக் குறைந்த உணவகங்களுக்கு விலக்குத் தருகிறது என்றாலும் அது வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புக்கு மட்டுமே; ஆட்டக்காரரின் போனிலிருந்து வரும் பாட்டுக்குச் செல்லாது. லாபநோக்கற்ற நிகழ்ச்சிக்கான இன்னொரு விலக்கு, கலைஞருக்குக் கூலி கொடுத்த நிமிடமே போய்விடும். இலவசமாக ஆடச்சொல்லிப் பழகிய சில அமைப்புகள் கூலி தரும்போது இதை மறந்துவிடுவதுண்டு, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவைத்தால் பிறகு தகராறு இல்லை. அதே தாளில் தரை எப்படி இருக்கும், உடை மாற்ற எங்கே இடம், ஒலிபெருக்கி யாருடையது, எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் முன்பணம் திரும்பும் என்பதும் இருக்க வேண்டும். வாள் அல்லது மெழுகுவர்த்தி சேர்ந்தால் காப்பீட்டுச் சான்று கேட்பார்கள். நெருப்புக்குத் தீயணைப்புத் துறையின் அனுமதியும் தேவைப்படலாம்.

ஆண்டு நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே சுயதொழில் வரிக்கணக்குக் காட்ட வேண்டும், வீதம் 15.3 சதவீதம். மணி கோத்த மார்க்கச்சையை அணிந்து யாரும் கடைத்தெருவுக்குப் போக மாட்டார்கள் என்பதால் ஆட்ட உடையைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். சாதாரணக் கறுப்புச் செருப்பைக் கழிக்க முடியாது.