மலத்தின் நிறத்தைக் கேளுங்கள்

குழந்தை பிறந்து மூன்று வாரமாகியும் கண்ணில் மஞ்சள் போகவில்லை என்று ஒரு தாய் சொன்னால், வீட்டிலும் அக்கம்பக்கத்திலும், சில வேளை மருத்துவமனையிலுமே கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "காலை வெயில்ல காட்டு, சரியாப் போயிடும்." பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாகவும் போய்விடுகிறது. அதனாலேயே அந்தப் பதிலை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் பித்தநாளம் அடைபட்ட குழந்தைக்கு வெயிலால் ஒரு பயனும் இல்லை. வெயிலில் காட்டிக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அதன் கல்லீரல் தழும்பேறிக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டு மஞ்சளையும் பிரித்துக்காட்டும் அடையாளம் குழந்தையின் துணியிலேயே இருக்கிறது. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் குழாய் வழியே சிறுகுடலில் இறங்குகிறது. அதிலுள்ள பிலிருபின் என்ற நிறமிதான் குடலில் மாற்றமடைந்து மலத்துக்கு மஞ்சளும் பழுப்பும் தருகிறது. வழி அடைபட்டால் மலம் வெளுத்து, சுண்ணாம்பு நிறத்திலோ களிமண் நிறத்திலோ போகும். குடலுக்குப் போக முடியாத நிறமி ரத்தத்தில் ஏறிச் சிறுநீரில் இறங்கும். நிறமே இல்லாமல் போகவேண்டிய பச்சிளங்குழந்தையின் சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படியும். பெரியவர்களுக்கும் இதே கணக்குதான். பித்தக்குழாயில் சிக்கிய கல்லோ, கணையத்தின் தலைப்பகுதியில் வளரும் புற்றுநோயோ இப்படித்தான் முதலில் தலைகாட்டும். வெளுத்த மலத்தோடு காமாலை வந்தவர் கீழாநெல்லி அரைத்துக் குடித்து நாளைக் கடத்தக் கூடாது. உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனாலும், நாட்களை எண்ணிச் செயல்பட வேண்டிய அவசரம் குழந்தைகளுக்குத்தான்.

1950களில் ஜப்பானின் செண்டாய் நகரில் மொரியோ கஸாய் என்ற அறுவை மருத்துவர், சுருங்கிப்போன பித்தநாளத்தை அகற்றிவிட்டுச் சிறுகுடலின் ஒரு பகுதியைக் கல்லீரலோடு நேரடியாக இணைத்துத் தைத்தார். அதுவரை இந்த நோய்க்கு வழியே இல்லை என்றுதான் நினைத்திருந்தார்கள். இன்றும் அந்த அறுவைதான் முதல் சிகிச்சை. குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் பித்தம் மறுபடி ஓடும் வாய்ப்பு அதிகம். தாமதமாக ஆக அது குறைகிறது. தவறினால் மிஞ்சுவது கல்லீரல் மாற்று அறுவை. இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்றே, இதே நோயோடு பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு 1998இல் டெல்லியில் நடந்ததுதான். தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். எல்லாக் குடும்பங்களுக்கும் அது வாய்ப்பதில்லை.

நோயை நேரத்தோடு கண்டுபிடிக்கக் கஸாயின் நாட்டிலும் தைவானிலும் கண்ட வழி, வண்ணம் அச்சிட்ட ஒரு சிறிய அட்டை. எந்த நிற மலம் இயல்பு, எது ஆபத்து என்று அதில் வரிசையாகக் காட்டியிருக்கும். தைவான் 2004இல் அதை நாடு முழுவதும் ஒவ்வொரு தாயின் கையிலும் சேர்த்தது. அதற்கு முன் 60 நாளுக்குள் அறுவை நடந்தது பாதிக்குச் சற்றுக் குறைவான குழந்தைகளுக்கே. அட்டை வந்தபின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நடந்தது. புதிய மருந்தில்லை, புதிய கருவியில்லை. தாய் பார்த்தாள், சொன்னாள், கேட்க ஆளிருந்தது.

இது அபூர்வ நோய்தானே என்று ஒதுக்குவதை ஏற்க முடியாது. ஐரோப்பாவில் 15 முதல் 20 ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்கிறார்கள். தைவானில் இன்னும் அதிகம். ஆண்டுக்கு 8 லட்சத்துக்கு மேல் குழந்தை பிறக்கும் தமிழ்நாட்டில் ஐரோப்பிய விகிதத்தைக் கொண்டு பார்த்தாலே 40 குழந்தைகளுக்குக் குறையாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றுக்குப் பணம் தரும் அரசுக்கு, ஒரு வண்ண அட்டையும் ஒரு ரத்தப் பரிசோதனையும் பெரிய செலவே அல்ல.

நோயுள்ள குழந்தை முதல் வாரங்களில் நன்றாகப் பால் குடிக்கும், எடையும் ஏறும். பார்த்தால் நோயென்று தோன்றாது. எனவே நோய் தெரியட்டும் என்று காத்திராமல், வீடு தேடிப் போகும் கிராம சுகாதார செவிலியர் இரண்டாம் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் வண்ணங்களைக் காட்டி "எந்த நிறத்துல போகுது?" என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு வரும்போது மறுபடி கேட்க வேண்டும். அன்று குழந்தைக்கு 42 நாள். கையில் மிச்சம் 18 நாள்தான். தனியார் மருத்துவமனைகளுக்கும் இதே விதி வேண்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். டயப்பரைப் பார்க்காமல் சுருட்டி எறியாதீர்கள். நிறம் வெளுத்திருந்தால் போனில் படமெடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். 14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால், குறைமாதக் குழந்தையாயின் 21 நாள், மொத்த பிலிருபின் மட்டும் பார்த்தால் போதாது. அதில் நேரடி பிலிருபின் எவ்வளவு என்று தனியே பார்க்கச் சொல்லுங்கள். அது கூடியிருந்தால் அன்றைக்கே குழந்தைகள் கல்லீரல் சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.