அலைக்கு 200 மீட்டர், ஆதாயத்துக்கு 50 மீட்டரா?

கடலோர மக்களின் வாழ்வு நலிந்தது ஏன் என்று கேட்டால், "கடல் கொடியது, காற்று கொடியது, என் செய்வது!" என்று கைவிரிப்பார் உண்டு. காற்றின்மேல் பழிபோட்டுக் கடமையிலிருந்து நழுவும் தந்திரம் அது. கடலின் சீற்றத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவன் மீனவன். அதனோடு வாழவும் கற்றவன். அவனை நிலைகுலையச் செய்வது அலை மட்டுமன்று. ஆட்சிபீடத்தில் கையெழுத்தாகும் ஆணையுந்தான்!

வெறும் ஆவேசமா இது? கணக்கைப் பார்ப்போம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தவர் அப்பால் குடியேற இசைந்தால் புதுவீடு உண்டு. பழைய மனை அரசைச் சேரும். போக மனமில்லாதவர் அங்கேயே இருக்கலாம். ஆனால் வீட்டைச் செப்பனிட அரசின் உதவி கிடையாது. உயிர்காக்கும் ஏற்பாடு என்றனர்.

நல்லது, உயிர் பெரிதுதான். ஆனால் 200 மீட்டர் அபாய எல்லை என்றால், அது எல்லார்க்கும் அபாய எல்லையன்றோ? அலை ஆள் பார்த்தா அடிக்கும்?

2019 சனவரியில் மத்திய அரசு வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இதற்கு விடை சொல்கிறது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கடலோர ஊர்ப்புறங்களில், கட்டடம் எழுப்பலாகாத எல்லை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கிற்று! கடற்கரையில் அமைக்கும் தற்காலிகச் சுற்றுலாக் குடில்களுக்கோ, உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளியிருந்தால் போதுமாம்! குடிசைக்காரனை விரட்டிய கடல், குளிர்காற்று வாங்க வருவோனுக்குக் குற்றேவல் செய்யுமோ?

"50 மீட்டருக்கு அப்பால் மீனவனும் வீடு கட்டலாமே, யார் தடுத்தார்?" என்று வாதிடுவர். உண்மை, தடுப்பாரில்லை. ஆனால் பட்டா இல்லாதவனையும் பணப்பெட்டியோடு வருபவனையும் ஒரே மணலில் நிறுத்தி, "வல்லவன் வாங்கிக்கொள்க" என்பது நீதியா? வலை உலர்த்தும் மணல், கட்டுமரம் ஏற்றும் கரை, கருவாடு காயும் களம் இவை ஊருக்குப் பொது. அரசின் பதிவேட்டிலோ இவை வெறும் புறம்போக்கு!

கரையில் இக்கதி. கடலில்? 1983ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், கரையை ஒட்டிய 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடித்தலாகாது என்றது. ஆனால் இழுவைமடி அந்த எல்லையை மீறி நாட்டுப்படகுக்காரன் வலையை அறுத்துச் செல்லும்போது, தடுக்கும் அதிகாரம் அவன் ஊருக்கு உண்டா? இல்லை. மனுவெழுதிக் காத்திருக்கத்தான் அவனுக்கு உரிமை!

காட்டில் வாழ்வோர்க்கு 2006ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டம் இயற்றிற்று. யாருக்கு எந்த உரிமை என ஆராயத் தொடங்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அளித்தது. கடலை நம்பி வாழ்வோர்க்குக் கிடைத்தது என்ன? 1991இல் ஓர் அறிவிக்கை, 2011இல் வேறொன்று, 2019இல் மற்றொன்று! அமைச்சகம் நினைத்தால் எழுதும், நினைத்தால் அழிக்கும். மணலில் எழுதிய எழுத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

தோழர்களே! புயல் வந்தபின் பொட்டலம் தருவது கருணை. புயல் வருமுன் கரையை உறுதி செய்வது நீதி. குடியிருப்பும், படகுத்துறையும், வலைக்களமும் மீனவ ஊரின் பொது உடைமை எனச் சட்டம் சொல்லட்டும்! 3 கடல் மைலைக் காக்கும் பொறுப்பில் ஊருக்குப் பங்கு தரட்டும்! அதுவரை, கடலைக் குற்றம் சாட்டும் தகுதி ஆளவந்தார்க்கு இல்லை.