தொழில் துணை: சாஃப்டி இயந்திரம் வாங்கும் முன்



வெளிநாட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் நம் சகோதரர்களில் பலர், கையிலிருக்கும் சேமிப்பைக் கொண்டு முதலில் எண்ணிப் பார்ப்பது ஒரு பேக்கரியை. அல்லது ஒரு பழச்சாற்றுக் கடையை. கடை ஓடத் தொடங்கிய மறு ஆண்டே, 'வாசலில் ஒரு சாஃப்டி ஐஸ்கிரீம் இயந்திரம் வைத்தால் என்ன?' என்ற ஆசை பிறக்கும். குழந்தைகள் கையைப் பிடித்து இழுத்து வருவார்கள். கோன் ஒன்றுக்குக் கிடைக்கும் லாபமும் குறைவன்று. ஆகவே ஆசையில் பிழையில்லை. ஆனால் அந்த இயந்திரத்தை ஒரு பெரிய ஃபிரிட்ஜ் என்று எண்ணி வாங்குவோர்தான் பின்னர் வருந்துகிறார்கள்.

என் தங்கையின் மகன் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தான். வாங்கும் முன் வந்திருக்கலாம். வாங்கி ஐந்தாவது மாதம் வந்தான்.

"மாமா, கோனில் நிற்கவே மாட்டேன் என்கிறது, கூழாக வடிகிறது. கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்கிறார் மெக்கானிக். போன மாதமும் நிரப்பினேன்" என்றான்.

குளிர்சாதனப் பணியில் கால் நூற்றாண்டைக் கழித்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். இதை நீங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். கேஸ் என்பது அடுப்பில் எரியும் எண்ணெய் அன்று, தீர்ந்துபோவதற்கு. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டு அடைக்காமல் மாதந்தோறும் நிரப்புபவர் உங்கள் பணத்தைக் காற்றில் விடுகிறார்.

மறுநாள் கடைக்குச் சென்று பார்த்தேன். கேஸ் சரியாகவே இருந்தது. இயந்திரம் பேக்கரி அடுப்புக்கு நான்கடி தூரத்தில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. பக்கவாட்டுப் பலகையைக் கழற்றினால், கண்டென்சரின் மெல்லிய தகடுகள் முழுவதும் மைதா மாவு படிந்து, கம்பளி போர்த்தியதுபோல் இருந்தது. உள்ளே உறிஞ்சிய வெப்பத்தை வெளியே விடும் உறுப்பு அது. அதன் மூச்சை அடைத்துவிட்டால் கம்ப்ரசர் எத்தனை மணி நேரம் ஓடினாலும் குளிர் ஏறாது. மின்கட்டணம் மட்டும் ஏறும். இறுதியில் கம்ப்ரசரே எரியும். தூரிகையால் துடைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்து, இயந்திரத்தை அடுப்பை விட்டு நகர்த்தினோம். அரை மணி நேரத்தில் கோன் நிமிர்ந்து நின்றது.

அத்துடன் நான் வீடு திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. முன்கதவைக் கழற்றச் சொன்னேன். தயங்கினான். "கடைசியாக எப்போது கழற்றினாய்?" என்று கேட்டதற்கு, ஒன்பது நாளாயிற்று என்றான். கழற்றியபோது எழுந்த புளித்த வாடையை நான் எழுத விரும்பவில்லை. ரப்பர் வளையங்களின் அடியில் மஞ்சள் நிறத்தில் ஏடு கட்டியிருந்தது. அன்று மாலை வரை அதிலிருந்து பிள்ளைகள் வாங்கித் தின்றிருக்கிறார்கள். அவன் மகளும் அவர்களில் ஒருத்தி.

இனி, அந்த இயந்திரத்தின் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். மேலே இருக்கும் தொட்டியில் பாற்கலவையை ஊற்றுகிறோம். அதை 4 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டும். அங்கிருந்து அது சிறிது காற்றுடன் கீழேயுள்ள உருளைக்குள் இறங்குகிறது. உருளையின் சுவர் கடுங்குளிர். அதில் பட்ட கலவை மெல்லிய படலமாக உறைந்தவுடன், உள்ளே சுழலும் துடுப்பின் பிளேடுகள் அதைச் சுரண்டி எடுக்கின்றன. துடுப்பு காற்றைக் கலந்து மிருதுவாக்குகிறது. ஒரு லிட்டர் கலவை சிறிய இயந்திரங்களில் ஏறத்தாழ 1.3 முதல் 1.4 லிட்டர் ஐஸ்கிரீமாகப் பெருகும். பிடியை இழுத்தால் வருவது மைனஸ் 6 அல்லது 7 டிகிரியில் இருக்கும். கடைகளில் கட்டியாக விற்கும் ஐஸ்கிரீமை மைனஸ் 18 டிகிரியில் சேமிக்கிறார்கள் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், இது எவ்வளவு நுட்பமான எல்லையில் நிற்கும் பண்டம் என்பது விளங்கும்.

ஆதலால் இடம் தெரிவு செய்வதில் சிக்கனம் கூடாது. காற்றால் குளிரும் இயந்திரமாயின் காற்றோட்டமுள்ள பக்கங்களில் குறைந்தது அரையடி இடைவெளி விடுங்கள். கையேட்டில் அதற்கு மேல் கேட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். வெயில் நேரே படும் வாசல் வேண்டா. 32 டிகிரி வெப்பத்துக்கென வடிவமைத்த இயந்திரம் நம் சித்திரை மாதத்தில் திணறும். வெப்பநாடுகளுக்கு உரியதா என்று கேட்டே வாங்குங்கள். லாரியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறியிருக்கும். ஒரு நாள் நிமிர்த்தி வைத்துப் பின்னர் இயக்குவதே பாதுகாப்பு.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான கடை இயந்திரங்கள் இரண்டு முதல் மூன்று கிலோவாட் இழுக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட ஒயரில் இதைச் செருகினால் ஒயர் கருகும். மீட்டரிலிருந்து தனி லைன், 20 ஆம்பியர் எம்.சி.பி., நல்ல எர்த், உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவை கட்டாயம். ஈரக்கையோடு பிடியை இழுக்கும் தொழில் இது என்பதை மறவாதீர்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசரும் வேண்டும். மின்சாரம் போய் வந்தவுடன் கம்ப்ரசர் ஓடத் தொடங்குவதும் கேடு. மூன்று நிமிடமாவது தாமதித்து இயக்கும் அமைப்புள்ள ஸ்டெபிலைசரை வாங்குங்கள்.

கலவையில் கை வைப்போரும் உண்டு. 'ஒரு பாக்கெட்டுக்கு இன்னும் ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்தால் யாருக்குத் தெரியும்?' என்பது அவர்கள் கணக்கு. வாடிக்கையாளருக்குத் தெரியாமற்கூடப் போகலாம், இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். சர்க்கரையும் பால் திடப்பொருளும் குறைந்தால் கலவை பாறையாக உறையும். பெல்ட் கிறீச்சிடும், துடுப்பு வளையும் அல்லது முறியும். தொட்டி காலியான பின்னும் உறையவிடுவது இதே விளைவைத் தரும். கழுவும்போது தண்ணீரை ஊற்றிவிட்டுத் தவறுதலாக உறைய வைக்கும் பொத்தானை அழுத்தியவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு நிமிடக் கவனக்குறைவுக்கு ஒரு மாத வருமானம்.

சகோதரிகளே, இது ஆண்களுக்கான பகுதி என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் கடைகளில் பலவற்றில் இரவு நேரக் கழுவல் வீட்டார் கையில்தான் இருக்கிறது. அடுத்து வருவது உங்களுக்கே உரியது.

கடை மூடியதும் மிச்சக் கலவையை வடித்துவிடுங்கள். அதை மறுநாள் புதிய கலவையோடு சேர்த்து, அதன் மிச்சத்தை அதற்கும் மறுநாள் சேர்த்து என்று தொடர்ந்தால், முதல் நாள் கிருமி ஒருபோதும் வெளியேறாது. என்னைக் கேட்டால் கொட்டிவிடுங்கள் என்பேன். மனம் வராவிட்டால், மூடிய பாத்திரத்தில் 4 டிகிரியில் வைத்து மறுநாளே தீர்த்துவிட்டு, வாரத்தில் ஒரு நாளாவது முற்றிலும் கொட்டி அந்தச் சங்கிலியை அறுத்துவிடுங்கள். முதல் அலசலுக்குக் கொதிநீர் வேண்டா. பால் புரதம் வெந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண நீர் தெளிவாக வரும்வரை அலசி, பின்னர் வெதுவெதுப்பான நீரில் சோப்புக் கரைசலிட்டுக் கழுவும் பொத்தானில் ஓட்டுங்கள். அதன் பிறகு மின்சாரத்தை நிறுத்தி, முன்கதவு, துடுப்பு, பிளேடு, ரப்பர் வளையங்கள் அனைத்தையும் கழற்றுங்கள். கழற்றாமல் ஓட்டிக் கழுவுவது, வாயைத் திறக்காமல் பல் துலக்குவது போன்றது. ஒவ்வொரு வளையத்தையும் அதன் பள்ளத்தையும் தூரிகையால் தேயுங்கள்.

கிருமி நீக்கத்துக்கு 4 சதவீதக் குளோரின் கொண்ட வாசனையில்லாத ப்ளீச் திரவத்தில் லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி போதும். அது பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவைத் தரும். கூட்டினால் உலோகம் அரிக்கும். அதை எந்த அமிலக் கழுவுநீரோடும் கலந்துவிடாதீர்கள். நச்சுக் காற்று எழும். பாகங்களை மீண்டும் பூட்டி, இந்தக் கரைசலை ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டி வடித்துவிட்டு, மேலும் குழாய்நீரால் அலசாமல் விடுங்கள். வளையங்களுக்கு உணவுத்தர மசகு மட்டுமே பூச வேண்டும். வாசலின் தடவுவது பழைய பழக்கம். சில ரப்பர்களை அது ஊதிப் பெருக வைக்கும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். லிஸ்டீரியா என்றொரு கிருமி உண்டு. பிற கிருமிகள் ஒடுங்கும் ஃபிரிட்ஜ் குளிரிலும் அது மெல்ல வளரும், உறைநிலையிலும் சாகாது. 2023இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், டகோமா நகர உணவகம் ஒன்றின் மில்க் ஷேக்கால் அக்கிருமி பரவி ஆறு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், மூவர் இறந்தனர். சரியாகச் சுத்தம் செய்யப்படாத ஐஸ்கிரீம் இயந்திரங்களே காரணம் என்று சுகாதாரத் துறையினர் அறிவித்தனர். கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் இது தனிப்பட்ட ஆபத்து. கருவையே அழிக்க வல்லது.

பாதாம் பால், ரோஸ் மில்க் வைக்கும் கண்ணாடித் தொட்டி இயந்திரங்களுக்கும் இதே கழுவல் முறைதான். ஆனால் அவற்றில் ஒரு பெருந்தவறு பரவலாக நடக்கிறது. காய்ச்சிய பாலைச் சூடு ஆறியதும் அதில் ஊற்றிவிட்டு, இயந்திரம் குளிர்விக்கட்டும் என்று விடுகிறார்கள். அது குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்கும் இயந்திரம். வெதுவெதுப்பான பாலைக் குளிர்விக்கப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் பாலில் கிருமி பலமடங்காகிவிடும். ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை வைத்து விரைவாகக் குளிர்வித்து, ஃபிரிட்ஜில் வைத்து, அதன் பின்னரே ஊற்றுங்கள். நீரூற்றுப்போல் பீய்ச்சியடிக்கும் வகை பழச்சாற்றுக்குத்தான் பொருந்தும். பாலுக்கு நுரை கட்டும். துடுப்பால் கலக்கும் வகையை வாங்குங்கள். மொத்தப் பாலைக் குளிர்ந்த தொட்டியில் வைத்துக் கருவி வழியே விற்பது நம் நாட்டில் புதிதன்று. தில்லியில் மதர் டெய்ரி 1974இல் தொடங்கி, டோக்கன் போட்டால் பால் தரும் சாவடிகளை நடத்தியது. ஆனால் அங்கும் பால் குளிர்ந்த நிலையிலேயே சாவடிக்கு வந்தது.

நோன்பு மாதத்தில் பகலெல்லாம் கடை மூடியிருக்கும். தராவீஹுக்குப் பின்னர்தான் கூட்டம் சேரும். முதல் நாள் இரவுக் கலவையை அப்படியே விட்டு மறுநாள் அஸருக்கு வந்து இயக்குவோர் பலர். அது வேண்டா. ஸஹருக்கு முன் கழுவி, தொட்டியைக் காலியாகத் திறந்து காயவிட்டுச் செல்லுங்கள்; மாலையில் புதுக் கலவை ஊற்றுங்கள். மின்சாரம் நெடுநேரம் போன நாட்களில், கலவை 5 டிகிரிக்கு மேல் நான்கு மணி நேரம் இருந்திருந்தால் கொட்டிவிடத்தான் வேண்டும். இதற்கென ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். இயந்திரத்தின் முகப்பில் ஒளிரும் எண்ணை முழுவதும் நம்பாதீர்கள்.

கலவை வாங்கும்போது உறையின் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். சில கலவைகளில் ஜெலட்டின் இருக்கும். அது விலங்கின் தோல், எலும்புகளிலிருந்து எடுப்பது. எந்த விலங்கு என்பதை உறை சொல்லாது. இந்தியாவில் தயாரான உறையில் பச்சைப் புள்ளி இருந்தால் அந்தக் கவலையில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த கலவையாயின் ஹலால் சான்றைப் பாருங்கள். (எஸன்ஸில் உள்ள ஆல்கஹால் பற்றிய கேள்வியை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன், மெக்கானிக் தீர்ப்புச் சொல்லக்கூடாது.) இன்னொன்று: நம் உணவுச் சட்டப்படி ஐஸ்கிரீம் என்று பெயரிட்டால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். தாவரக் கொழுப்பில் செய்தது 'ஃப்ரோசன் டெசர்ட்'. பலகையில் உள்ளதையே எழுதுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவின்றித் தொடங்கவும் வேண்டா.

பழைய இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்வோர் வருவார்கள். விற்பவர் முன்னிலையிலேயே கலவை ஊற்றி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பிளேடின் விளிம்பைப் பாருங்கள். மழுங்கியிருந்தால் மாற்றும் செலவைக் கழித்துப் பேசுங்கள். பிளேடும் வளையமும் பின்புற சீலும் உள்ளூரில் கிடைக்குமா என்று கேளுங்கள். கையேடும் பழுதுக் குறியீடுகளின் பட்டியலும் வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய இயந்திரங்களின் மென்பூட்டைத் திறந்து தாமே பழுதுபார்க்கக் கடைக்காரர்களுக்குச் சட்ட அனுமதி கிடைப்பதற்கே 2024 அக்டோபர் வரை ஆயிற்று. கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்கும் அவதி அங்கும் உண்டு.

இறுதியாக, இயந்திரத்தின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒரு சிறு வடிகுழாயும் தட்டும் இருக்கும். பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. துடுப்பின் தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தால் கலவை அதன் வழியே சொட்டும். சில ரூபாய்ப் பொருளான அந்த சீலை உடனே மாற்றாவிட்டால், பால் உள்ளே கசிந்து பேரிங்கையும் கியர் பெட்டியையும் தின்றுவிடும். தங்கை மகனின் இயந்திரத்திலும் அந்தத் தட்டு நிரம்பிக் காய்ந்திருந்தது. சீலை மாற்றிக் கொடுத்தேன். கழுவிய நேரத்தை எழுதச் சுவரில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டான். நேற்று மாலை அந்தப் பக்கம் போனபோது பிடியைத் தொடாமல் முதலில் அந்தத் தட்டைத்தான் இழுத்துப் பார்த்தேன்; காய்ந்திருந்தது. பிறகு அவன் மகள் ஒரு கோனை நீட்டினாள், வாங்கிக்கொண்டேன்.